ஏழு ரூபாய்க் குடும்பம்

ஆம்பூருக்கு வாழ வந்த புதிதில் என்னை யாரும் இன்னாருடைய பெண்டாட்டி என்று சொன்னதில்லை. "மைசூர்க்காரி" என்றுதான் சொன்னார்கள். நான் பேசியதும் தமிழ்தான். என் அப்பன் பிறந்ததும் இதே பாலாற்றங்கரைதான். ஆனால் நான் பிறந்து வளர்ந்தது மைசூர் சமஸ்தானத்துத் தங்கவயலில், சுரங்கக் கூலிகளுக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்த லைன் வீட்டில். ரயிலேறினால் ஒரு பகலில் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த ஒரு பகல் தூரத்துக்கே நான் இவர்களுக்கு அயல் சீமைக்காரி ஆகிவிட்டேன். கடையில் போய் ஒரு சேர் அரிசி என்று கேட்டால் கடைக்காரர் பல்லைக் காட்டுவார். "இங்க படிதாம்மா. சேரெல்லாம் ஒங்க மகாராஜா ஊட்டோட வெச்சுக்க" என்பார். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். வந்து என்ன செய்ய? அரிசி அவரிடம் இருந்தது.

வேற்றூரில் வாழ்க்கைப்பட்டவள் எவளும் கொஞ்ச நாளைக்கு விலை பேசியேதான் பொழுதைப் போக்குவாள். அங்கே உருளைக்கிழங்கு மலிவு, இங்கே தேங்காய் மலிவு; அங்கே விறகு ஆனை விலை, இங்கே வெல்லம் குதிரை விலை என்று யாராவது காது கொடுத்தால் போதும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். போகப் போக எனக்கு அது வெறும் பேச்சாக இல்லை. ஆம்பூரில் வாழ ஆகும் செலவு தங்கவயலில் ஆகும் செலவைவிடக் குறைவு என்று நான் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டத் தவறினால் என் புருஷன் சுரங்கத்தில் இறங்கிவிடுவார். இறங்கினால் என் அப்பனைப் போல மேலே வரமாட்டார் என்று நான் நம்பினேன். அதனால் உப்பு விலை ஏறினாலும் எனக்கு ராத்திரித் தூக்கம் போனது.

அப்பன் கதையைச் சொல்லிவிடுகிறேன். லைனில் ஒரு வழக்கம் உண்டு. சுரங்கத்துக்குக் கிளம்புகிற ஆம்பளையிடம் பெண்கள் எதுவும் சொல்லக் கூடாது. 'பார்த்துப் போ' கூடாது, 'சீக்கிரம் வா' கூடாது. பயம் என்கிற வார்த்தையை வாசற்படியில் எடுக்கவே கூடாது. சோற்றுத் தூக்கைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பிவிட வேண்டும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு நாள் அப்பனுக்குக் காய்ச்சல். அம்மா மனசு கேட்காமல், "பயமா இருக்குது, இன்னைக்குப் போவாத" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டாள். அப்பன் போனார். அன்று பூமி ஒரு குலுக்குக் குலுக்கியது. வீட்டுச் சட்டி பானையெல்லாம் உருண்டது. பெண்கள் எல்லாம் தலைவிரி கோலமாகச் சுரங்க வாசலுக்கு ஓடினோம். மற்றவர்கள் வீட்டு ஆட்கள் மேலே வந்தார்கள். எங்கள் வீட்டு ஆள் வரவில்லை.

அதற்குப் பிறகு லைன் பெண்கள் அம்மாவைப் பேசாத பேச்சில்லை. "இவ வாயை வெச்சா, ஆளு போய்ட்டான்" என்றார்கள். அம்மாவும் அதையே நம்பினாள். இன்றைக்கு நினைத்தால் அந்தப் பெண்களை நாலு வார்த்தை கேட்கத் தோன்றுகிறது. பாறை வெடித்ததற்கு என் அம்மா வாய் என்ன வெடிமருந்தா? ஆனால் அன்று எனக்கு நாக்கிலேயே பூட்டுப் போட்டது போல ஆகிவிட்டது. பயம் என்று சொன்னால் ஆள் செத்துவிடுவான் என்று எலும்பு வரைக்கும் ஏறிவிட்டது.

அப்பன் போன இடத்தில் அண்ணன் வேலைக்குச் சேர்ந்தான். என்னை ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறவருக்குக் கட்டிக் கொடுத்தான். மாப்பிள்ளை மண்ணுக்கு மேலே வேலை செய்கிறவர் என்று தெரிந்ததும் நான் முகம்கூடப் பார்க்காமல் சம்மதம் சொன்னேன். நாற்றமாம், சுண்ணாம்புக் குழியில் கால் வெந்துவிடுமாம், கை முழுக்க ஆவாரம்பட்டைக் கறையாம். இருக்கட்டுமே! சாயங்காலம் தன் காலில் நடந்து வீட்டுக்கு வருவாரா இல்லையா?

எனக்கு அமைந்தது அப்படி. ஆனால் அண்ணன் விடவில்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் வண்டியேறி வந்து என் புருஷனைச் சுரங்கத்துக்குக் கூப்பிட்டான். என் புருஷனுக்கு டேனரியில் மாதம் பதின்மூன்று ரூபாய். அங்கே இருபதுக்கு மேலே. இதைச் சொல்லிச் சொல்லியே அவர் மனதைக் கரைக்கப் பார்த்தான். எனக்கும் அவனுக்கும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் பெரிய வழக்கே நடக்கும். என் புருஷன் நடுவர் மாதிரி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கேட்பார்.

"ஊட்டு வாடகை இன்னா குடுக்கறீங்க?" என்பான் அண்ணன்.

"ரெண்டு ரூபா."

"எனக்கு லைன் ஊடு. சம்பளத்துல சில்லறையாப் புடிப்பான், புடிச்சதே தெரியாது."

"அது ஊடாணா? தகரக் கொட்டா. வெயில்ல வேவணும், குளிர்ல வெறைக்கணும். ஊட்டுல எத்தினி பேரோ அத்தினி கம்பளி வாங்கணும். இங்க ஒரு பழம்பொடவை போதும்."

"தண்ணி கொழாயில வருது."

"இங்க ஆத்துல வருது. பாலாத்து மணலைக் கையால நோண்டு, இளநி கணக்கா ஊறும். எவனும் காசு கேக்க மாட்டான்."

"சரி, வெறகு?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருப்பேன். டேனரியில் ஆவாரம்பட்டையை ஊறப்போட்டுத் தோலுக்குச் சாறு இறக்கிவிட்டால், மிஞ்சுகிற சக்கையை மலையாகக் கொட்டிவைப்பார்கள். வேலைக்காரர்கள் வீட்டுப் பெண்கள் கூடை கொண்டுபோய் வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம். வெயிலில் காயவைத்தால் நின்று எரியும். தங்கவயலில் விறகு வாங்கியே பாதிச் சம்பளம் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். "வெறகுக்கு இங்க ஒரு தம்பிடி செலவில்லணா" என்று நான் சொன்னால் அண்ணன் வாயடைத்துப் போவான். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த நாத்தத்துக்கு அவன்தான் ஒங்களுக்குக் காசு குடுக்கணும்" என்பான். என் புருஷன் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"எங்களுக்கு ஆஸ்பத்திரி இருக்குது. பைசா இல்லாம மருந்து" என்று ஒரு தடவை சொன்னான். அது எதற்கு இருக்கிறது என்று கேட்க என் வாய் துறுதுறுத்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, "இங்க கத்திரிக்கா சல்லிசு" என்றேன். எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது.

அந்த வழக்குகளில் ஒன்றின் முடிவில் என் புருஷன் ஒரு கணக்குச் சொன்னார். "மச்சான், நீ இருபது வாங்குறே, பதினஞ்சு செலவு பண்றே. மிஞ்சுறது அஞ்சு. நான் பதிமூணு வாங்குறேன். இவ ஏழுல குடும்பத்தை ஓட்டிட்டா எனக்கு ஆறு மிஞ்சும். நான் எதுக்கு அங்க வரணும்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஓட்டிடுவியா?" என்று கேட்டார்.

"ஓட்றேன்" என்றேன். வேறு என்ன சொல்வேன்? அன்றைக்கு ஏழில் ஓட்டவும் முடிந்தது. இழுத்துப் பிடித்தால் முடிந்தது.

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனைச் சுட்டுக்கொள்கிறான், நமக்கென்ன என்று இருந்தோம். முதலில் மண்ணெண்ணெய் ஏறியது. பிறகு துணி. சண்டை முடிந்துவிட்டது, இனி விலை இறங்கும் என்றார்கள். இறங்குகிறதா? அந்தப் பாழாய்ப்போன வருஷம் மழையும் இல்லை. பாலாற்றில் ஊற்று வெட்ட இடுப்பளவு இறங்க வேண்டியதாயிற்று. அரிசிக்கடைக்குப் போனால் நேற்று சொன்ன விலையை இன்று சொல்லமாட்டார். நான் படி அரிசியை முந்தானையில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வழியெல்லாம் அணாக்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டே வருவேன். ஒவ்வொரு அணா ஏறும்போதும் என் புருஷன் அந்த இருட்டுக்குள் ஓர் அடி இறங்குகிற மாதிரியே எனக்குத் தோன்றும். ஏழு ரூபாய் எட்டாகி, ஒன்பதையும் தாண்டியது.

நான் அவரிடம் சொல்லவில்லை. மாசம் முடிந்து, "எவ்ளோ ஆச்சு?" என்று அவர் கேட்டால், "ஏழுதான்" என்பேன். கண்ணை நேராகப் பார்த்தே சொல்வேன். கை மட்டும் எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும்.

மீதியை எப்படிச் சரிக்கட்டினேன்? பக்கத்து வீட்டில் ஓர் உருதுக்கார அம்மா இருந்தார். நான் அவரை ஆப்பா, அதாவது அக்கா என்று கூப்பிடுவேன். அவர் புருஷன் தோல் வாங்கி விற்கிறவர். பெரிய குடும்பம், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சோறு. என் புருஷன் வேலைக்குப் போனதும் நான் அவர்கள் வீட்டுப் புழக்கடையில் நெல் குத்துவேன், மிளகாய் இடிப்பேன். அதற்குக் கூலியாக நொய்யும் தவிடும், சில நாள் கொஞ்சம் அரிசியும் தருவார். வீட்டில் நல்ல அரிசியை என் புருஷனுக்கு வடிப்பேன். நொய்யை எனக்குக் கஞ்சியாகக் காய்ச்சுவேன். அதுவும் சாயங்காலம் மட்டும். காலையில், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்பார். "ஆச்சு" என்பேன். பொய் சொல்வது பழகிவிட்டால் சோறு உண்பதைவிடச் சுலபம்.

எனக்கு அப்போது கைக்குழந்தை, பெண். ஒரு நாள் நான் உலக்கையை வைத்துவிட்டுப் பால் கொடுக்க உட்கார்ந்தேன். அது சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டது. ஆப்பா வந்து நின்றார்.

"பால் ரொம்பக் கம்மியா இருக்குதேடி. நீ துன்றியா இல்லியா?"

"துன்றேன் ஆப்பா."

"தூ, பொய்! மூஞ்சியப் பாரு, காஞ்ச தோலாட்டம். புருசன் காசு குடுக்கறது இல்லியா?"

"ஐயோ, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. நான் இங்க வர்றதும் அவருக்குத் தெரியக் கூடாது."

"இன்னா பேஜார் புடிச்ச பொண்ணு நீ!" என்று திட்டிக்கொண்டே ரொட்டியும் சால்னாவும் கொண்டுவந்து வைத்தார். குழந்தையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு, நான் தின்று முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அழுதுகொண்டே தின்றேன். ஏன் அழுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. காரம் ஜாஸ்தி என்று நினைத்திருப்பார்.

இப்படியே இன்னும் எத்தனை நாள் என்று ராத்திரியெல்லாம் யோசிப்பேன். விலை இறங்குகிறவரைக்கும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நான் நினைக்காத பக்கத்திலிருந்து அது உடைந்தது. என் புருஷன் பெருமையடித்துக்கொண்டார்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. பெண்டாட்டியைப் பற்றி நாலு பேரிடம் நல்லதாகச் சொல்கிற ஆம்பளை அந்தக் காலத்தில் எத்தனை பேர்? டேனரியில் பட்டை நிறுக்கும்போது பேச்சுவாக்கில் கணக்குப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். "எல்லாரும் வெலை ஏறிடுச்சு, வெலை ஏறிடுச்சுன்னு அடிச்சிக்கிறாங்க. எங்க ஊட்டுல ஏழு ரூபாய்ல மாசம் ஓடுது சாமி. எல்லாம் கை சாமர்த்தியம்" என்று. கணக்குப்பிள்ளை சிரித்துத் தலையாட்டினாராம். அந்த மனுஷர் சும்மா சிரிப்பாரா?

கொஞ்ச நாள் கழித்து வேலைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து முதலாளியிடம் போனார்கள். அரிசி விற்கிற விலையில் குடும்பம் நடத்த முடியவில்லை, மாதம் இரண்டு ரூபாய் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். என் புருஷனும் அந்தக் கூட்டத்தில் நின்றார். முதலாளி கணக்குப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். கணக்குப்பிள்ளை எழுந்து, "முடியலன்னு சொல்றாங்க. இதோ நிக்கிறானே, இவன் ஊட்டுல ஏழு ரூபாய்ல நடக்குதாம். இவனே என்னாண்ட சொன்னான். மத்தவங்க எங்க கொண்டுபோய்க் கொட்டறாங்கன்னு கேளுங்க" என்றார்.

கூட்டமே என் புருஷனைத் திரும்பிப் பார்த்ததாம். சம்பளம் ஏறவில்லை. அதோடு விட்டார்களா? இவ்வளவு மிச்சம் பிடிக்கிறவர்களுக்குச் சக்கையை எதற்கு இனாமாகக் கொடுப்பது என்று, மறுநாளிலிருந்து பட்டைச் சக்கைக்குக் கூடைக்கு இவ்வளவு என்று காசு வைத்துவிட்டார்கள்.

அவமானத்தில் என் புருஷன் இதை வீட்டில் சொல்லவில்லை. நான் விஷயம் தெரியாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். சக்கைக் குவியலுக்குப் பக்கத்தில் காவல்காரன் நின்றான். வெறுங்கூடைகளோடு பெண்கள் நின்றார்கள். என்னைக் கண்டதும் அவர்கள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வாடியம்மா, ஏழு ரூபா மகராசி!" என்றாள் ஒருத்தி.

"இன்னாக்கா, இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? ஒம் புருசன் வாயில கொள்ளி வெக்க! எங்க ஆம்பளைங்களுக்கு ரெண்டு ரூபா ஏறியிருக்கும். நீ ஏழுல நடத்துறியாமே? அந்த மந்திரத்தை எங்களுக்கும் சொல்லு. எங்கருந்தோ மைசூர் சீமைலருந்து வந்து எங்க அடுப்புல தண்ணி ஊத்திட்டியேடி!"

அவர்கள் என்னோடேயே நடந்து என் வீட்டு வாசல் வரைக்கும் வந்தார்கள். சத்தம் கேட்டு என் புருஷன் வெளியே வந்தார். அன்று அவருக்கு வேலை இல்லாத நாள். ஆப்பாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தன் வாசலில் நின்று என்ன ஏது என்று கேட்டார். பெண்கள் சொன்னார்கள். ஆப்பாவுக்கு வந்ததே கோபம்!

"ஏழா? எவ சொன்னா ஏழுன்னு? அரிசி விக்கிற வெலைக்கு எங்க ஊட்டுலயே நாக்கு தள்ளுது. இந்தப் பொண்ணு தெனம் எங்க ஊட்டுல நெல்லு குத்துது. நொய்க்கஞ்சி குடிக்குது. அதுவும் ஒரு வேளைதான். கொழந்தைக்குப் பாலு இல்ல. இவளைப் போயா திட்டறீங்க?" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். என் குட்டை நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டார்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக நகர்ந்துபோனார்கள். போகும்போது ஒருத்தி என் கூடையை எடுத்து வாசலோரம் சாய்த்துவைத்துவிட்டுப் போனாள். என் புருஷன் உள்ளே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நாலு அடி அடித்தாலும் பரவாயில்லை என்று நின்றேன்.

"ஏன் இப்படிப் பண்ணே?" என்று கேட்டார்.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. பயம் என்கிற அந்த ஒரு வார்த்தை. வாசற்படியில் காய்ச்சலோடு நின்ற அப்பனும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் தானாக ஓர் அர்த்தம் பண்ணிக்கொண்டார். "என் சம்பளம் பத்தலன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்ல ஒனக்கு வாய் வரல. என் மானம் போய்டும்னு நீ பட்டினி கெடந்திருக்கே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே நீ ஒரு வேளைகூடப் பட்டினி கெடக்கக் கூடாது. ஒங்கண்ணனுக்குச் சொல்லி அனுப்பு. நான் சொரங்கத்துக்கு வர்றேன்."

எதைத் தடுக்க நான் வயிற்றைக் காயப்போட்டேனோ, அந்தப் பட்டினியே அவரைப் பிடித்து அங்கே தள்ளுகிறது! இதைவிட ஒரு கேடுகெட்ட கணக்கு உண்டா? நான் சொல்லி அனுப்பவில்லை. அவரே தங்கவயலுக்குப் போகிற ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினான். எப்போதும் வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு கேலி பேசுகிறவன், அன்று பேசாமல் உள்ளே வந்தான். போன தடவைக்கு இந்தத் தடவை கன்னம் ஒட்டியிருந்தது. களி கிண்டிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"நாளைக்கே கெளம்பிடலாமா மச்சான்? சட்டி பானையெல்லாம் இவ அப்புறமா கட்டிட்டு வரட்டும்" என்றார் என் புருஷன்.

"நாளைக்கே போலாம் மாப்ள. சம்பளம் பத்தி நான் பேசி வெச்சிட்டேன். கொழா தண்ணி, ஆஸ்பத்திரி..." என்று அண்ணன் பழைய பாட்டை ஆரம்பித்தான்.

எனக்குள் எதுவோ அறுந்தது. குழம்புச் சட்டியைத் தொம்மென்று கீழே வைத்தேன்.

"போதும்ணா! வெலையும் வேணாம், வாடகையும் வேணாம். நான் இத்தினி நாளா பேசுனதெல்லாம் பொய்யி. கத்திரிக்கா சல்லிசுன்னதும் பொய்யி, ஏழு ரூபான்னதும் பொய்யி. எனக்குப் பயம்! இவரு எங்கப்பன் மாதிரி மேல வராமப் போய்டுவாருன்னு எனக்குப் பயம். அதுக்குத்தான் வாயைக் கட்னேன், வயித்தைக் கட்னேன். வேற ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணன் இரண்டு நாளில் மறுபடியும் கீழே இறங்க வேண்டியவன். அவன் முன்னாலும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

என் புருஷன் தட்டிலிருந்து கையை எடுத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடிப் பாவி! இந்த ஒரு வார்த்தைக்கா நெல்லு குத்துனே? மொதல் நாளே சொல்லியிருந்தா நான் மச்சானை ரயிலேத்தி அனுப்பிச்சிருப்பேனே!" என்றார். பிறகு அண்ணனிடம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காத மச்சான். நான் வரல. ஒம்பதோ பத்தோ, இங்கயே பாத்துக்கறோம். சக்கைக்கும் காசு குடுத்துத் தொலைக்கிறேன்."

எனக்கு மூச்சு வந்தது. ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த உலக்கையை யாரோ எடுத்துவிட்டார்கள். அங்கேயே விழுந்து தூங்கிவிடலாம் போல இருந்தது.

அண்ணன் கோபப்படவில்லை. களியை உருட்டி உருட்டித் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு மட்டும் அது இல்லன்னா நெனச்சே?" என்றான். "சொரங்கத்துல எறக்குற கூண்டுல ஏறி நின்னா எனக்குக் கால் நடுங்குது. கீழ போற வரைக்கும் கண்ணை மூடிக்கிறேன். பக்கத்துல நிக்கிறவன் பாத்துடப் போறான்னு கம்பியைப் புடிச்சிக்கிறேன். நம்ம ஆளு ஒருத்தர் கூட இருந்தா இந்த நடுக்கம் நிக்கும்னு தோணுச்சு. வேற யாரு இருக்கா எனக்கு? ஆஸ்பத்திரி, கொழா எல்லாம் அதுக்குத்தான் சொன்னேன்."

"அப்ப விட்டுடுணா. இங்க வந்துடு. டேனரியில சேந்துக்க" என்றேன்.

"வந்து? அம்மா, என் பொண்டாட்டி, நாலு புள்ளைங்க. ஒனக்குத்தான் ரெண்டு ஊரு வெலையும் தெரியுமே. நீயே சொல்லு, பதிமூணுல இங்க நடக்குமா?"

கேலியாகக் கேட்கவில்லை. நடக்கும் என்று நான் சொல்ல வேண்டும் என்று குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்தான். என் மனசு தன்னால் ஓடியது. அரிசி, வாடகை, எண்ணெய், இப்போது சக்கைக்கும் காசு. நொய் போட்டுப் பார்த்தேன். ஒரு வேளையைக் குறைத்துப் பார்த்தேன். என் பங்கைச் சேர்த்துப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் கட்டுப்படியாகவில்லை. பொய் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

தூளியில் குழந்தை சிணுங்கியது. என் புருஷன் போய் ஆட்டிவிட்டு வந்து, மறுபடி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"ஒனக்கு எந்த ஷிப்டு மச்சான்? என்னையும் அதுலயே சேத்து வுடு" என்றார்.

அண்ணன் நிமிர்ந்தான். "காலை ஷிப்டு" என்றான்.

நான் இரண்டு தட்டிலும் குழம்பு ஊற்றினேன். பாதி தரையில் போனது.